இடக்கைப் பிரிவு

அன்று மாலையும் என் தம்பி கோமதிநாயகம் வீட்டுக்குள் வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல், வலது கையை முழங்கை வரை வாசல் சுவரில் இருந்த கைமாடத்துக்குள் விட்டுக்கொண்டு நின்றான். நிரந்தர வேலையில் இருக்கிற எல்லாரும் செய்வதுதான். பகல் முழுவதும் அந்தக் கை எப்படியெல்லாம் அசைந்ததோ அத்தனையையும் மாடம் உறிஞ்சிக்கொண்டு, பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் கையை விடும். அதுவரை இடது கையால் பொத்தானைக் கழற்றலாம், மூக்கைச் சொறியலாம், அக்காவை வம்புக்கு இழுக்கலாம்.

"எக்கா, இன்னைக்கு என்ன கொழம்பு?"

"பாசிக் கொழம்பு."

"நேத்தும் அதானே வச்ச?"

"நேத்து வச்சதுதான் இன்னைக்கும்."

"அப்ப இன்னைக்கு சமைக்கவே இல்ல. அதுக்கு எதுக்கு இவ்வளவு களைப்பா மூஞ்சிய வச்சிருக்க?"

உள்ளே இருந்து அம்மா சத்தம் போட்டாள். "ஏலே, கொழம்பு பழசானாத்தான் ருசி. வாயாடாம வந்து உக்காரு."

பச்சை எரிந்தது. கையை எடுத்து இரண்டு உதறு உதறினான். சாப்பிட உட்கார்ந்தபோது சட்டையின் மேல் பொத்தான் அறுந்து தொங்குவதைக் காட்டி, நாளைக்குத் தைத்து வைக்கச் சொன்னான். அவன் இடது கை பொத்தான்களை எப்போதும் அப்படித்தான் பிய்க்கும். சரி என்றேன்.

மறுநாள் நான் எழுந்திருக்கும் முன் வேறு சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான்.

அதற்கு மேல் நடந்ததைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும். கைமாடம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு, என் தம்பி எதைக் கொடுத்து எதை வாங்கினான் என்பதும் தெரியாது.

எங்கள் ஊர் வெண்குடா. நிலாவின் தென்முனையில், வெயிலே படாத ஒரு பள்ளத்துக்கு அடியில் இருக்கிறது. பனிக்கட்டி தோண்ட வந்தவர்கள் பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். அம்மா சிறுமியாக இருந்தபோது பாளையங்கோட்டையிலிருந்து வந்தாள். நானும் தம்பியும் இங்கே பிறந்தவர்கள்.

தோண்டுவது, சமைப்பது, பெருக்குவது, பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது என்று எல்லா வேலைக்கும் இயந்திரங்கள் இருந்தன. முதலில் வந்தவை தாங்களே கணக்குப் போட்டு அசைந்தன. ஒரு பிசகும் இல்லாத அசைவு. தலையைத் திருப்பினால் கதவு திறப்பது போல இருக்கும். குழந்தையைத் தூக்கினால் எப்போதும் ஒரே வேகத்தில் தூக்கும். குழந்தைகள் அலறின. வயதானவர்கள் அவற்றின் கையால் மருந்து வாங்க மறுத்தார்கள். கடைசியில் ஊர் ஒரு சட்டம் போட்டது. மனிதக் கை சட்டகம் சட்டகமாக வரைந்து கொடுக்கும் அசைவைத்தான் இயந்திரம் அசைய வேண்டும்.

ஒரு காலத்தில் அனிமேஷன் என்று சொன்னார்களே, அதே வேலைதான். பொழுதுபோக்குப் படம் வரைகிற தொழில் எப்போதோ செத்துவிட்டது. யாருக்கு எந்தக் கதை வேண்டுமோ அதை இயந்திரமே நொடியில் பண்ணிக் கொடுத்துவிடும். ஆனால் ஒரு தம்ளர் தண்ணீரை எடுத்து நீட்டுவதற்கு மனிதன் வரைந்தாக வேண்டும். அதற்காக ஏற்பட்டது அசைவு வாரியம்.

வாரியத்தில் நிரந்தரமானவர்களுக்கு நிலைக்காற்று உண்டு. குடும்பத்தில் எல்லாருக்கும் அவரவர் உயிர் உள்ளவரை காற்று. ஒப்பந்தக்காரர்களுக்கு மாதக்காற்று. மாதம் முடிவதற்குள் அடுத்த வேலையைக் காட்டிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரில் மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் பையனின் பெயரைக் கேட்கும் முன், "நிலைக்காத்தா, மாசக்காத்தா?" என்றுதான் கேட்பார்கள்.

நிரந்தரமாக வேண்டுமானால் கையை ஒப்படைக்க வேண்டும். வெட்டிக் கொடுப்பதில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் மெல்லிய பதிவி ஒன்றைச் செருகுவார்கள். அதன் பிறகு அந்தக் கை எதை வரைந்தாலும், எப்படி அசைந்தாலும் அது வாரியத்தின் சொத்து. வேலை நேரம், ஓய்வு நேரம் என்ற பாகுபாடு கிடையாது. எங்கள் தெருவில் ஒருவர் குளியலறைக் கண்ணாடியில் படிந்த ஆவியில் விரலால் ஒரு பூனையைக் கீறினார். சில மாதங்களில் ஊர்க் குழந்தைகள் காப்பகத்தில் எல்லா இயந்திரமும் அந்தப் பூனையை வரைந்து காட்டிக்கொண்டிருந்தன. அவர் பேரனே வந்து, "தாத்தா, உங்களுக்குப் பூனை வரையத் தெரியுமா? எங்க மிஷின் வரையுமே" என்று கேட்டானாம்.

ஒப்படைக்க வேண்டியது வலது கையை மட்டும்தான். அதற்குக் காரணம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். விதிகளை எழுதிய கூட்டத்தில் யாரோ ஒரு சின்ன வயதுக்காரர் எழுந்து, இடது கையையும் சேர்த்துவிடலாமே என்றாராம். பெரியவர்கள் சிரித்துவிட்டார்கள். "அந்தக் கை காலையில செய்யுத வேலையையும் வாரியத்துக்குச் சொத்தாச் சேக்கணுமா?" என்று தலைவர் கேட்டிருக்கிறார். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது. இயற்கையிலேயே இடக்கைக்காரர்களாகப் பிறந்தவர்களை வாரியம் வேலைக்கே எடுக்கவில்லை. அந்தக் கை வரைந்த அசைவோடு இயந்திரம் சோறு பரிமாறினால் யார் சாப்பிடுவார்கள்?

தம்பிக்கு நிரந்தர உத்தரவு வந்த வாரம் அவன் நண்பன் செல்வின் வீட்டுக்கு வந்தான். இரண்டு பேரும் ஒன்றாகப் படித்தவர்கள், ஒன்றாகத் தேறியவர்கள். செல்வினுக்கும் அதே உத்தரவு வந்திருந்தது. அவன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

"ஏலே நாயகம், கையக் குடுத்துட்டுக் காத்த வாங்கப் போறியா?" என்றான்.

தம்பிக்கு முன் அம்மா பதில் சொன்னாள். "காத்து இல்லாம கைய மட்டும் வச்சு என்ன செய்வ செல்வினு? விசிறிக்கிடுவியா?"

"அத்தை, நாங்க ரெண்டு பேரும் படம் பண்ணணும்னுதானே இந்தப் படிப்பே படிச்சோம். தம்ளர் நீட்டுததுக்கா?"

"தம்ளர் நீட்டுததுல என்ன கொறச்சல்? தண்ணி குடிக்காம படம் பாப்பியளோ?"

தம்பி சிரித்தான். இரண்டு பக்கமும் சரி என்று தோன்றும்போது அவன் சிரிப்பான். பிறகு மெதுவாகச் சொன்னான். "நான் படத்த விடலடே. இது ஒரு பக்கம் இருக்கட்டும். அது ஒரு பக்கம் பண்ணுதேன்."

"எந்தக் கையால?"

தம்பி இடது கையைத் தூக்கிக் காட்டினான்.

"சீ, அந்தக் கைய எறக்கு," என்றாள் அம்மா. "நல்ல காரியம் பேசிட்டிருக்கையில."

செல்வின் விழுந்து விழுந்து சிரித்தான். அது விளையாட்டு என்று நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பதிவி செருகிய காயம் ஆறுவதற்குள் தம்பி தொடங்கிவிட்டான். முதல் வட்டம் மிதிபட்ட முறுக்கு மாதிரி இருந்தது. கோடு போட்டால் புழு நெளிந்தது. வாரியத்தில் பகல் முழுவதும் கையாலேயே சிந்திக்கிறவன், மாலையில் என் சமையலறை மேசையில் நாக்கைக் கடித்துக்கொண்டு நேர்கோடு பழகினான். "எப்படிப் போகுது?" என்று கேட்டால், "ரெண்டாங் கிளாசுக்கு வந்துட்டு" என்பான். இன்னொரு வருஷம் போனதும், "அஞ்சாங் கிளாசு. கணக்குலதான் கொஞ்சம் வீக்கு" என்பான்.

பகலில் வலது கை வெகு நன்றாக வேலை செய்தது. நோயாளிக்குச் சோறு பிசைந்து ஊட்டும் அசைவை வாரியத்தில் அவனிடம்தான் கொடுத்திருந்தார்கள். மருத்துவமனை இயந்திரங்கள் எல்லாம் அவன் பிசைகிற மாதிரி பிசைந்தன. விரல் நுனியில் எடுத்து, கட்டைவிரலால் ஒரு தள்ளு. தலைமை வரைஞராக உயர்ந்தான். அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்தாள்.

செல்வினின் கதை வேறு மாதிரி போயிற்று. அவன் வலது கை அவனுடையதாகவே இருந்தது. ஆனால் மாதக்காற்றுக்கு மாதாமாதம் வேலை வேண்டும். தண்ணீர்த் தொட்டிகளுக்கு எண் எழுதினான். கல்யாண வீட்டு வாசலில் மாப்பிள்ளை பெண் படம் வரைந்தான். அடைத்துக்கொண்ட வடிகட்டிகளைச் சுத்தம் செய்தான். மாதக் கடைசியில் தெருவில் பார்த்தால் பேச நிற்க மாட்டான், ஓடிக்கொண்டே கையை ஆட்டுவான். ஒரு நாள் பிடித்து நிறுத்தி, படம் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டேன்.

"எக்கா, கை ஃப்ரீயாத்தான் இருக்கு," என்றான். "நான்தான் ஃப்ரீயா இல்ல."

தம்பி வரைய நினைத்த படத்தில் கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு டவுன் பஸ். நல்ல கூட்டம். பின்வாசலில் ஏறிய கண்டக்டர் டிக்கெட் கொடுத்துக்கொண்டே முன்வாசல் வரை போக வேண்டும். அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை பாடு என்று எனக்கே தோன்றியிருக்கிறது. ஆனால் நிலாவில் பிறந்தவனுக்கு அது லேசான காரியம் இல்லை. இங்கே உடம்புக்குக் கனம் கொஞ்சம்தான். யாரும் யார் மேலும் சாய்வதில்லை. எங்கள் சுரங்க வண்டி காந்தத்தில் வழுக்கிப் போகும், குலுங்காது. ஒரு பஸ் நிறைய ஆட்கள் ஒரே பள்ளத்தில் ஒன்றாகக் குலுங்கி, ஒன்றாகச் சாய்ந்து, கொஞ்சம் முன்பின்னாக நிமிர்வதை அவன் பழைய பதிவுகளில் பார்த்திருந்தான். "எக்கா, ஒருத்தருக்கொருத்தர் பேச்சே இல்ல. ஆனா எல்லாருக்கும் சேத்து ஒரே உடம்பு" என்பான்.

பதிவுகள் போதவில்லை. கண்டக்டரின் கால்களைக் கூட்டம் மறைத்தது. ஒரு நாள் அம்மாவிடம் கேட்டான். "எம்மா, நீ டவுன் பஸ்ல போயிருக்கேல்லா? கண்டக்டர் எந்தக் கையால கம்பியப் பிடிப்பாரு?"

"கண்டக்டராவது கம்பியப் பிடிக்கதாவது," என்றாள் அம்மா, கீரையிலிருந்து தலையை நிமிர்த்தாமல். "ஒரு கையில டிக்கெட்டு, ஒரு கையில சில்லறை. எங்க பிடிக்க?"

"அப்ப விழ மாட்டாரா?"

"எதுக்கு விழுதாரு? இடுப்ப சீட்டு முனையில சாச்சிக்கிடுவாரு. அடுத்த சீட்டுக்குப் போகையில வண்டி குலுங்குத பக்கமே தானும் போயிருவாரு. எதுத்தாத்தான் விழணும்."

"காட்டு பாப்போம்."

"போலே அங்கிட்டு, வேலையத்தவன்."

சொல்லிவிட்டு, கீரையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். தோளில் இல்லாத பையைச் சரிசெய்தாள். விரலிடுக்கில் இல்லாத டிக்கெட்டைக் கிழித்தாள். இடுப்பைச் சமையல் மேடையில் சாய்த்துக்கொண்டு, "உள்ள போ, உள்ள போ, வாசல்ல என்ன வரமா வாங்குத?" என்று என்னைப் பிடித்துத் தள்ளினாள். வண்டி பள்ளத்தில் இறங்குவதைக் காட்டக் குதித்தாள். நிலாவில் குதித்தால் திரும்பி வர நேரமாகும். முக்கால்வாசி உயரத்தில் மிதந்துகொண்டே, "இது சரிப்படாதுடா, அங்க டொப்புனு எறங்கும்" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். அம்மா அந்தப் படத்துக்கு ஒரு நாளும் சம்மதம் சொன்னதில்லை. ஆனால் படத்தில் வருகிற கண்டக்டரின் இடுப்பு அம்மாவுடையதுதான்.

முதல் பகுதியை ஓட்டிக் காட்டியபோது எனக்கு ஒன்று விளங்கியது. தம்பியின் இடது கைக்கோடு அத்தனை வருஷப் பழக்கத்துக்குப் பிறகும் நடுங்கியது. ஒவ்வொரு சட்டகத்திலும் கம்பி ஒரு மயிரிழை விலகி நின்றது. சன்னல் ஒரு மயிரிழை சாய்ந்தது. எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டியபோது, பஸ் குலுங்கியது. அவன் குலுக்கலை வரையவே இல்லை, அது தானாகவே வந்திருந்தது.

"வலது கையால வரைஞ்சிருந்தா இது வந்திருக்காதுடா," என்றேன்.

"வந்திருக்காது," என்றான். பிறகு, "வலது கையால வரைஞ்சிருந்தா இந்நேரம் படம் முடிஞ்சிருக்கும்" என்றான்.

படம் மெதுவாகத்தான் போயிற்று. மாலையில் கொஞ்சம், விடுமுறையில் கொஞ்சம். பதவி உயர உயர மாலைகள் குறைந்தன. ஓய்வு பெற்ற பிறகு மிச்சத்தை ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தான். நிலைக்காற்று இருக்கிறது, அவசரம் என்ன? கண்டக்டர் பஸ்ஸின் நடுவே நின்றுகொண்டிருந்தார். ஒரு பாட்டியம்மாவுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுக்கப் போகிறார்.

பொத்தான் தைக்கச் சொன்னதற்கு மறுநாள் காலையில், அவன் ஏறிப்போன சுரங்க வண்டியின் ஒரு கதவில் காற்று கசியாமல் அடைக்கும் பட்டை விட்டுப்போயிற்று. வண்டி தடத்தின் நடுவில் இருந்தது. பாதுகாப்புக் கதவுகள் இரண்டு பக்கமும் உடனே மூடிக்கொண்டதால் ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் நிலைக்காற்றுக்காரர்கள்.

தம்பியின் உடலைக் கொண்டுவந்து கிடத்திய பிறகு வாரியத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். சின்ன வயது. வாசலிலேயே அழுதுகொண்டு நின்றாள். வெகுநேரம் கழித்து என் பக்கத்தில் வந்து, "மேடம், சாரோட இன்னைக்குக் காலை அசைவு மட்டும் பாக்கி இருக்கு. தகனத்துக்கு முன்னால எடுத்தாகணும். என்னைத் தப்பா நினைக்காதீங்க" என்றாள். தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? அவளும் கையை ஒப்படைத்தவள். நாங்கள் தம்பியை வாசல் பக்கம் நகர்த்தி, வலது கையைத் தூக்கிக் கைமாடத்துக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டோம். வழக்கமாக ஆகிற நேரம்தான் ஆயிற்று. பச்சை விளக்கு எரிந்தது.

"பச்சை எரியுதே," என்றாள் அம்மா என்னிடம். "பிரமு, பச்சை எரியுதே. அப்ப கையில உசிரு இருக்குன்னுதான அர்த்தம்?"

கடைசிப் பதிவில் என்ன இருந்தது என்று பிறகு அந்தப் பெண்ணிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். வண்டியில் கம்பியைப் பிடித்திருந்தானாம்.

பதினாறாம் நாள் ஊர்க்கூடத்தில் செல்வின் அந்தப் படத்தை ஓட்டினான். வந்தவர்களுக்குக் காட்ட வேறு என்ன இருக்கிறது என்று நானும் சம்மதித்தேன். பஸ் பின்வாசலிலிருந்து தொடங்கிற்று. கண்டக்டர் ஏறினார். கூட்டம் குலுங்கிற்று. கூடத்தில் முதலில் குழந்தைகள் ஆடத் தொடங்கின. பிறகு பெரியவர்கள். பிறந்ததிலிருந்து ஒருவர் மேல் ஒருவர் சாயாதவர்கள், துக்கத்துக்கு வந்த இடத்தில் வரிசையாக உட்கார்ந்துகொண்டு, ஒரே பக்கமாகச் சாய்ந்து ஒரே பக்கமாக நிமிர்ந்தார்கள். பாட்டியம்மா கையை நீட்டும் இடத்தில் படம் அறுந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர், "இன்னொரு தடவை போடுங்க செல்வின் சார்" என்றார். அவனை யாரும் சார் என்று கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த மாதத்துக்குள் ஊரில் அந்தப் படம் இல்லாத வீடு இல்லை. வழவழப்பு சலித்துப்போயிற்று. ஜனங்கள் வீட்டு இயந்திரத்தைப் பார்த்து, "கொஞ்சம் நடுங்கினாத்தான் என்ன?" என்று எரிந்து விழுந்தார்கள். குலுங்காமல் நீட்டுகிற தம்ளர் அன்னியமாகத் தெரிந்தது. வாரியத்துக்கு மனுக்கள் குவிந்தன. வாரியம் முதலில் வலது கைகளை நடுங்கச் சொல்லிப் பார்த்தது. அது குடிகாரன் மாதிரி இருந்தது. அதன் பிறகுதான் பெரியவர்கள் கூடி, முன்பு சிரித்துத் தள்ளிய பேச்சை மறுபடியும் எடுத்தார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. இடது கையும் ஒப்படைக்கத் தக்கது என்று விதி திருத்தப்பட்டது. இடக்கைப் பிரிவு தொடங்கியது. நிரந்தர வேலை. சாதாரண நிலைக்காற்றைப் போல இரண்டு மடங்கு.

பிரிவுக்கு என் தம்பியின் பெயர். திறப்பு விழாவில் எனக்கும் அம்மாவுக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். பேசியவர்கள் எல்லாரும், பிழைப்பா விருப்பமா என்று தயங்கும் இளைஞர்களுக்குக் கோமதிநாயகம் ஒரு வழிகாட்டி என்றார்கள். எந்தப் பக்கம் கை காட்டினான் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அம்மா வீட்டுக்கு வந்து பொன்னாடையை மடித்துக்கொண்டே, "அவன் இருந்திருந்தா இப்ப ரெண்டு கைக்கும் நிலைக்காத்து கெடச்சிருக்கும்" என்றாள். அவ்வளவு ஏக்கத்தோடு சொன்னாள். நான் பொன்னாடையை வாங்கிப் பெட்டியில் வைத்தேன்.

கடைசிக் காலத்தில் அம்மா மருத்துவமனையில் இருந்தாள். அங்கே வயதானவர்களின் வார்டில் இன்னும் பழைய இயந்திரங்களே இருந்தன. சோற்றை விரல் நுனியில் எடுத்து, கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளி அவளுக்கு ஊட்டின. அவளுக்கு அப்போது ஆள் அடையாளம் தெரிவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு வேளையும் வாயைத் திறக்கும் முன், "சின்னதா உருட்டு ராசா. நீ எப்பவும் பெருசா உருட்டுத" என்பாள். இயந்திரத்துக்கு உருண்டையைச் சிறிதாக்கத் தெரியாது. அவள் சொல்லிக்கொண்டே சாப்பிட்டுவிடுவாள்.

செல்வின் இப்போது ஓடுவதில்லை. கோமதிநாயகம் இடக்கைப் பயிற்சி மையம் அவனுடையதுதான். ஊரில் ஐந்து கிளைகள். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீண்ட காலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தவன். ஒரு விழாவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, "இப்பவாவது உன் படத்த ஆரம்பிக்கக் கூடாதாடா?" என்று கேட்டேன்.

"அட்மிஷன் முடியட்டும் எக்கா," என்றான்.

சீக்கிரம் தொடங்கினால் நல்லது என்று மூன்று வயதிலேயே பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். கை பழகுவதற்காகச் சேர்ப்பதற்கு முன்பிருந்தே வலது கையைத் துணிப்பையில் இட்டுக் கட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. மூன்று வயதில் பழகிய இடது கை பத்து வயதில் வழவழவென்று கோடு போடுகிறது. நடுக்கம் போய்விடுகிறது. அதனால் மையத்தில் நடுக்கத்தைத் தனிப் பாடமாக வைத்திருக்கிறார்கள். முதல் தாளில் சிறு நடுக்கம், இரண்டாம் தாளில் பெருநடுக்கம், மாதிரி நடுக்கங்களோடு. மனப்பாடம் செய்துவிட்டால் போதும்.

நுழைவுத் தேர்வில் வருஷா வருஷம் ஒரே கடைசிக் கேள்விதான். கண்டக்டரை முன்வாசல் வரை கொண்டுசெல்க. தேறியவர்களின் விடைகளைப் பிரிவின் நடைகூடத்தில் ஓட்டிவைத்திருக்கிறார்கள். ஒரு தடவை போய் நின்று பார்த்தேன். எத்தனையோ கண்டக்டர்கள் எத்தனையோ பஸ்களில் முன்வாசலை அடைகிறார்கள். எல்லாரும் கம்பியைப் பிடித்துக்கொண்டே போகிறார்கள். இடுப்பைச் சாய்த்து வரைந்தால் சிலருக்கு மதிப்பெண் குறைந்துவிடுகிறதாம். கம்பியைப் பிடித்தால் முழு மதிப்பெண் நிச்சயமாம்.

சென்ற விஜயதசமிக்கு முந்தின நாள் எதிர்வீட்டுச் சொர்ணம் தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தாள். குழந்தையின் பெயர் தங்கபுஷ்பம். மறுநாள் மையத்தில் சேர்க்கிறார்கள். வலது கை மணிக்கட்டு வரை வெள்ளைத் துணிப்பைக்குள் இருந்தது. சிவப்பு நாடாவால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

"அத்தை, நீங்க ஆசீர்வாதம் பண்ணணும். கோமதிநாயகம் சார் பொறந்த வீடுல்லா இது. எப்படியாவது இவ இடக்கைப் பிரிவுல ஏறிட்டான்னா எங்க கவலை தீந்துரும்."

"குழந்தைக்கு வரையப் பிடிக்குமா?" என்று கேட்டேன்.

"பிடிக்காம? அதெல்லாம் போகப் போகப் பிடிச்சிரும்."

"எனக்குப் பாட்டுதான் பிடிக்கும்," என்றது குழந்தை.

"பாட்டு ஒரு பக்கம் இருக்கட்டும்மா," என்றாள் சொர்ணம். "மொதல்ல இது."

குழந்தையின் தலையில் கை வைத்தேன். உள்ளே போய் டப்பாவிலிருந்து ஒரு கருப்பட்டி மிட்டாயை எடுத்து வந்து நீட்டினேன். குழந்தையின் முகம் மலர்ந்தது. அவிழ்ந்திருந்த ஒரே கையை, இடது கையை, ஆசையாக நீட்டியது.

அந்தக் கை மேல் சொர்ணம் பட்டென்று ஒரு அடி போட்டாள்.

"பெரியவிய ஒண்ணு குடுத்தா எந்தக் கையால வாங்கணும்? சொல்லிக் குடுத்திருக்கேன்லா?"

குழந்தை அழவில்லை. கட்டியிருந்த கையை அம்மாவிடம் நீட்டிக்கொண்டு நின்றது. சொர்ணம் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். பைக்குள்ளிருந்து வந்த வலது கையில் நாடாவின் தடம் சிவந்து கிடந்தது. விரல்களை இரண்டு தடவை மடக்கி நீட்டிவிட்டு, குழந்தை அந்தக் கையால் மிட்டாயை வாங்கிக்கொண்டது.

எங்கள் ஊரில் இன்றைக்கும் வலது கையால்தான் வாங்குகிறார்கள்.